ரெய்டு 1 மேல் எல்விஎம்: இரண்டாம் முறை எழும்போது ‘டூப்ளிகேட் பிவி’ என்று மறுத்தால்

கேள்வியின் சாரம்: இரண்டு டிஸ்க்கை எம்டிஆடம் (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு கருவி) மூலம் ரெய்டு 1 ஆக்கி, அதாவது ஒரே டேட்டாவை இரண்டிலும் பிரதியாக வைத்து (எஸ்டிஏ2, எஸ்டிபி2 என்ற பார்ட்டிஷன்கள் சேர்ந்து எம்டி0 என்ற அரே), அதன்மேல் எல்விஎம்மின் ஒரே வால்யூம் குரூப் (விஜி). எல்விஎம்மில் அடியில் இருக்கும் டிவைஸ் பிவி, பிவிகளைச் சேர்த்தது விஜி, விஜியிலிருந்து வெட்டி எடுக்கும் வால்யூம் எல்வி. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ரீபூட் செய்தால் ரூட் மட்டும் மவுண்ட் ஆகிறது. ஹோமும் டேட்டாபேஸ் வால்யூமும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டுத் தோற்க, மெஷின் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. கையால் ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’ கொடுத்தால், பிவி இரண்டு டிவைஸ்களில் தெரிவதால் ஆக்டிவேட் செய்ய மாட்டேன் என்று எல்விஎம் மறுக்கிறது. லாகில் எல்விஎம் இரண்டு முறை ஓடியிருப்பது தெரிகிறது. இரண்டாவதை எப்படி நிறுத்துவது?

இரண்டாவதை நிறுத்தாதீர்கள். கோளாறு முதலாவதில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இப்போதைக்கு ரீபூட் செய்யவும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது. (கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எல்விஎம் ஒவ்வொரு பூட்டிலும் இரண்டு முறை ஓடுவது இயல்பு. முதல்முறை இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் வருவதற்கு முன் கெர்னல் மெமரியில் ஏற்றும் சிறு தொடக்கச் சிஸ்டம்) உள்ளே, ரூட்டையும் சில சமயம் ஸ்வாப்பையும் எழுப்ப. இரண்டாம் முறை உண்மையான சிஸ்டம் வந்தபின், யூடெவ் (டிவைஸ்களைக் கண்டு அறிவிக்கும் சேவை) ஒவ்வொரு பிவியையும் பார்க்கும்போது மீதி எல்விகளை எழுப்ப. ஏற்கெனவே எழுந்த எல்வியை மறுபடி எழுப்பச் சொன்னால் எதுவும் கெடாது. டிவைஸ் மேப்பரில் (எல்விகளை டிஸ்க்கோடு இணைக்கும் கெர்னல் பகுதி) ஒவ்வொரு எல்விக்கும் விஜி, எல்வி இரண்டின் தனி அடையாள எண்ணையும் (யூயூஐடி) சேர்த்த அடையாளம் இருக்கிறது. அது இருந்தால் எல்விஎம் பேசாமல் தாண்டிப் போகும். ஓடுகிற மெஷினில் ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’ பத்துமுறை கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. சிக்கல் வருவது, முதல்முறை பார்த்த டிவைஸ் பட்டியலும் இரண்டாம் முறை பார்த்த பட்டியலும் வேறுவேறாக இருக்கும்போதுதான்.

உங்கள் மெஷினில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். புதிய இனிட்ராம்எஃப்எஸ் எம்டி0வைச் சேர்க்கவில்லை. உங்கள் அரே 1.0 அல்லது 0.90 மெட்டாடேட்டா வகையாக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் ரெய்டின் சூப்பர்பிளாக் (அரேயின் விவரக் குறிப்பு) பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும். ஆகவே எஸ்டிஏ2வின் தொடக்கத்தைப் படித்தால் நேரே எல்விஎம் லேபிள் கண்ணில் படும். 1.2 வகையில் சூப்பர்பிளாக் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கும், டேட்டா இன்னும் உள்ளே தள்ளி ஆரம்பிக்கும். அங்கே இந்தக் குழப்பமே வராது. எம்டி உறுப்பு டிஸ்க்குகளை ஒதுக்க எல்விஎம்மில் ‘எம்டி காம்பொனென்ட் டிடெக்ஷன்’ இயல்பாகவே 1 என்றுதான் இருக்கிறது. ஆனால் டிவைஸின் வால்பகுதியையும் ஒவ்வொரு முறையும் படிப்பது கூடுதல் வேலை என்பதால், சில பதிப்புகள் கடைசியில் இருக்கும் சூப்பர்பிளாக்கைத் தவறவிடும். அப்படித் தவறவிட்ட எல்விஎம், இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ரூட்டை எஸ்டிஏ2வின் மேல் நேரடியாக எழுப்பிவிட்டது.

பிறகு உண்மையான சிஸ்டம் வந்து எம்டிஆடம் அரேயைச் சேர்க்கப் பார்க்கிறது. டிவைஸ் மேப்பர் எஸ்டிஏ2வைத் தன்னுடையது என்று பிடித்து வைத்திருப்பதால் எம்டிக்கு அது கிடைக்காது. ‘பிஸி’ என்று விட்டுவிட்டு எஸ்டிபி2வை மட்டும் கொண்டு எம்டி0வைக் குறைபட்ட நிலையில் எழுப்புகிறது. யூடெவ் எம்டி0வைக் காட்ட, எல்விஎம் இரண்டாம் முறை ஓடுகிறது: ஒரே பிவி யூயூஐடி எஸ்டிஏ2விலும் இருக்கிறது, எம்டி0விலும் இருக்கிறது. புதிய எல்விஎம் இங்கே மறுத்து நிற்கும். உங்களுடையது மறுத்தது நல்ல காலம். பழைய பதிப்புகள் இரண்டில் ஒன்றைத் தாமாகத் தேர்ந்துகொண்டு மேலே போகும். அப்போது ரூட் எஸ்டிஏ2விலும் ஹோம் எஸ்டிபி2விலும் ஓட, ஒரே விஜி இரண்டு டிஸ்க்கில் பிளந்து கிடக்கும், லாகைத் தேடிப் பார்க்காவிட்டால் எச்சரிக்கை கண்ணில் படாது.

இப்போது எந்த எல்வி எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். ‘டிஎம்செட்டப் டேபிள்’ கொடுத்தால் ரூட்டுக்கு ‘0 41943040 லீனியர் 8:2 2048’ போல ஒரு வரி வரும். 41943040 என்பது 512 பைட் செக்டர்களில் எல்வியின் நீளம், அதாவது 20 ஜிபி. 8:2 தான் நமக்கு வேண்டியது: 8:2 என்றால் எஸ்டிஏ2, 8:18 என்றால் எஸ்டிபி2, 9 என்று தொடங்கினால் எம்டி. எல்லா வரியும் 9:0 அல்லது 9:127 என்று இருந்தால்தான் சரி. கூடவே /ப்ராக்/எம்டிஸ்டாட் பாருங்கள். இரண்டு ‘யு’க்களுக்குப் பதில் ஒரு ‘யு’வும் ஒரு அடிக்கோடும் இருந்தால் அரே ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டு விவரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு இந்தச் சான்று கிடைக்காது.

அடுத்து வருவதுதான் பலரை டேட்டா இழக்க வைக்கும் இடம். மிக எளிதாகத் தோன்றும் வழி, எம்டி0வில் எஸ்டிஏ2வைத் திரும்பச் சேர்ப்பது. அதைச் செய்தால் எஸ்டிபி2வில் இருக்கும் பழைய பிரதி எஸ்டிஏ2வின் மேல் எழுதப்படும். கோளாறு தொடங்கிய நாளிலிருந்து ரூட்டில் எழுதிய அனைத்தும் போகும். ‘எம்டிஆடம் --எக்ஸாமின்’ கொடுத்து ஈவண்ட்ஸ் எண்ணை (அரேயின் நிலை மாறும்போது ஏறும் எண்ணிக்கை) ஒப்பிட்டு முடிவெடுக்கலாம் என்றால் அது இங்கே ஏமாற்றும். எல்விஎம் எம்டியைச் சுற்றிக்கொண்டு நேரே எஸ்டிஏ2வில் எழுதியதால், எஸ்டிஏ2வின் சூப்பர்பிளாக்கில் ஈவண்ட்ஸும் அப்டேட் நேரமும் ஏறவே இல்லை. தனியாக எழுந்த எஸ்டிபி2வில் மட்டும் ஏறியிருக்கும். எண்ணைப் பார்த்தால் எஸ்டிபி2 புதியது. உள்ளே இருப்பதோ பழையது.

ரீபூட் வேண்டாம் என்றதும் இதனால்தான். இனிட்ராம்எஃப்எஸ்ஸை மட்டும் சரிசெய்துவிட்டு ரீபூட் செய்தால், எம்டி இம்முறை எல்விஎம்முக்கு முன்பே எழும், ஈவண்ட்ஸ் குறைவாக இருக்கும் எஸ்டிஏ2வை ‘நான்-ஃபிரெஷ்’ என்று வெளியே தள்ளும், எஸ்டிபி2வை மட்டும் கொண்டு சுத்தமாகப் பூட் ஆகும். லாகில் ஒரு வரி தவிரப் பளிச்சென்ற எச்சரிக்கை எதுவும் இருக்காது. ஆனால் மெஷின் கெர்னல் அப்டேட் நாளுக்குத் திரும்பிப் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் எஸ்டிஏ2வை ஆட் செய்துவிட்டால் கதை முடிந்தது.

எந்தப் பிரதி புதியது என்பதை ஃபைல்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மெஷினை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து மற்றதைப் பாருங்கள். பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் செருகியபடி லைவ் யூஎஸ்பியை எழுப்பினால் அதுவும் தானாக அரே சேர்த்து, எல்விஎம் எழுப்பும். மூன்றாவது முறையாகவும் அதே குழப்பம். பார்ப்பதற்கு மவுண்ட் செய்யும்போது வெறும் ‘ஆர்ஓ’ போதாது. இஎக்ஸ்டி4 என்றால் ‘ஆர்ஓ,நோலோட்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘ஆர்ஓ,நோரிகவரி’ கொடுங்கள். இல்லையேல் படிக்க மட்டும் என்று கேட்டாலும் ஜர்னலை (முடியாமல் நின்ற எழுத்துகளின் குறிப்பேடு) மீண்டும் ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும். உள்ளே லாகின் கடைசி வரியின் நேரத்தையும் டேட்டாபேஸ் ஃபைல்களின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் யாராவது எல்வியைப் பெரிதாக்கியோ (எல்விஎக்ஸ்டெண்ட்) புதிதாக உருவாக்கியோ (எல்விகிரியேட்) இருந்தால் இரண்டு டிஸ்க்கின் எல்விஎம் மெட்டாடேட்டாவும் வேறுபடும். பிவியின் முதல் 1 எம்பியை ‘டிடி’ கொண்டு எடுத்து ‘ஸ்ட்ரிங்ஸ்’ வழியாக ‘சீக்நோ’ (மெட்டாடேட்டா மாறும்போதெல்லாம் ஏறும் வரிசை எண்) வரிகளைத் தேடுங்கள். பழைய பதிவுகளும் அதே இடத்தில் சுழன்று கிடக்கும் என்பதால் பல எண்கள் வரும். பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா எல்விகளும் எஸ்டிஏ2விலேயே புதியதாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மறுத்து நின்ற எல்விஎம் உள்ள மெஷினில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டு டிஸ்க்கையும் செருகி லைவ் யூஎஸ்பியில் எழுந்து, முதலில் ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’, பிறகு ‘எம்டிஆடம் --ஸ்டாப்’ (லைவில் அரேயின் பெயர் எம்டி127 என்று மாறியிருக்கலாம்). எதையும் எழுதும் முன் இரண்டு பார்ட்டிஷன்களையும் வெளி டிஸ்க்குக்கு ‘டிடிரெஸ்க்யூ’ மூலம் முழுதாகப் பிரதி எடுங்கள். இடமில்லை என்றால் எஸ்டிஏ2வையாவது எடுங்கள்.

பிறகு எஸ்டிபி2வைத் துடைக்க வேண்டும். ‘எம்டிஆடம் --ஸீரோ-சூப்பர்பிளாக்’ மட்டும் கொடுத்தால் ரெய்டு முத்திரை போய், எல்விஎம் லேபிள் தங்கிவிடும். அந்த நொடியிலிருந்து எஸ்டிபி2 ஒரு வெறும் பிவியாகத் தெரிந்து டூப்ளிகேட் மறுபடி வரும். அதனால் ‘வைப்எஃப்எஸ் --ஆல் --பேக்கப் /டெவ்/எஸ்டிபி2’ கொடுங்கள். அது அழித்த முத்திரைகளை ஹோம் டைரக்டரியில் சிறு ஃபைல்களாக வைக்கும். லைவில் ஹோம் என்பது ரேமில் இருப்பது, அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

அடுத்து ‘எம்டிஆடம் --அசெம்பிள் --ரன் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிஏ2’. ‘--ரன்’ இல்லாவிட்டால் ஒரு உறுப்பு குறைகிறது என்று எழாமல் நிற்கக்கூடும். எழுந்ததும் ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’, மறுபடி ‘டிஎம்செட்டப் டேபிள்’: எல்லாம் 9 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். மவுண்ட் செய்யாமல் ‘எஃப்எஸ்சிகே -என்’ (எதையும் எழுதாத ஃபைல்சிஸ்டம் சோதனை) ஓட்டி அறிக்கையைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் திருத்தம் செய்யுங்கள். இவை எல்லாம் திருப்தியான பிறகே ‘எம்டிஆடம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிபி2’.

இங்கே ‘--ரீ-ஆட்’ கூடவே கூடாது. அரேயில் ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எம்டி எங்கெல்லாம் எழுதியது என்ற குறிப்பு) இருந்தால் ரீ-ஆட் அதில் குறித்த பிளாக்குகளை மட்டும் நகலெடுக்கும். எல்விஎம் எம்டிக்குத் தெரியாமல் எழுதியவை பிட்மேப்பில் இல்லை. சிங்க் சில நொடியில் முடியும், இரண்டு ‘யு’வும் வரும், இரண்டு டிஸ்க்கிலும் வேறுவேறு டேட்டா இருக்கும். துடைத்த டிஸ்க்கை ஆட் செய்தால் முழுச் சிங்க் நடக்கும். 1 டிபிக்கு, வினாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். முடிந்தபின் /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஆக்‌ஷன் ஃபைலில் ‘செக்’ என்று எழுதி ஓடவிட்டு, பக்கத்தில் உள்ள மிஸ்மேட்ச்_சிஎன்டி எண்ணைப் பாருங்கள். 0 வர வேண்டும். ஸ்வாப் இந்த அரேயில் இருந்தால் சிறு எண் வருவது சகஜம்.

பிளந்த நிலை, அதாவது ரூட் 8:2 மேல், ஹோம் 9:0 மேல் ஓடியிருந்தால் வேலை கூடும். ஒரு டிஸ்க்கை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மற்ற டிஸ்க்கில் புதியதாக இருக்கும் எல்விகளை முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஃபைல்களாக எடுப்பது நல்லது: ‘ஆர்சிங்க் -ஏஹெச்ஏஎக்ஸ்’, ஹார்ட்லிங்க்கும் ஏசிஎல்லும் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டும் தப்பாமல் வரும். எதை அடிப்படையாக எடுப்பது என்றால், பெரிய எல்வி எந்தப் பக்கம் புதியதோ அந்தப் பக்கம், நகலெடுப்பது குறையும். எல்லாம் வெளியே வந்தபின் மேலே சொன்ன அதே வரிசை. இந்த நிலையில் பிவியின் அளவை மாற்றும் பிவிரிசைஸ் மட்டும் யாரும் ஓட்டக்கூடாது. எஸ்டிஏ2 எம்டி0வைவிடச் சற்றே பெரியது. நேரடி எஸ்டிஏ2 மேல் பிவிரிசைஸ் ஓடினால் பிவி கடைசிவரை நீண்டு ரெய்டு சூப்பர்பிளாக் இருக்கும் இடத்தையும் தனதாக்கிக்கொள்ளலாம். பிற்பாடு எம்டி0 மேல் எழுப்பும்போது, பிவியைவிட டிவைஸ் சிறியதாக இருக்கிறதே என்று எல்விஎம் புலம்பினால் இதைச் சந்தேகியுங்கள்.

இனி மூலகாரணம். லைவிலிருந்து எம்டி0 மேல் எழுந்த ரூட்டை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து (ரன்னை மறந்தால் எல்விஎம் யூடெவ்வைக் காணாமல் தடுமாறும்) சிரூட் ஆகுங்கள், அதாவது அந்த ரூட்டுக்குள்ளிருந்தே கட்டளை கொடுங்கள். ‘எம்டிஆடம் --டீடெய்ல் --ஸ்கேன்’ தரும் அரே வரியும் கான்ஃபில் இருப்பதும் ஒன்றா என்று யூயூஐடியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டெபியன், உபுண்டுவில் அந்த ஃபைல் /இடிசி/எம்டிஆடம்/எம்டிஆடம்.கான்ஃப்; ரெட் ஹேட் வகைகளில் /இடிசி/எம்டிஆடம்.கான்ஃப். வரி இல்லாவிட்டாலோ, பழைய அரேயின் யூயூஐடி கிடந்தாலோ அதுதான் குற்றவாளி. திருத்தியபின் டெபியன் பக்கம் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்’. ரெட் ஹேட் பக்கம் ‘டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல் --ஆட் எம்டிரெய்டு --எம்டிஆடம்கான்ஃப்’. டிராகட் இயல்பில் இப்போது ஓடும் நிலையைப் பார்த்துத்தான் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும். ரூட் எஸ்டிஏ2 மேல் தவறாக ஓடும்போதே அதைக் கட்டினால் தவறான நிலையே படமாக உறையலாம். கெர்னல் வரியில் ‘ஆர்டி.எம்டி.யூயூஐடி’ இருந்தால் அதன் மதிப்பையும், ‘ஆர்டி.எம்டி=0’ என்று யாரும் போட்டு வைக்கவில்லையா என்பதையும் பாருங்கள். பழைய கெர்னல்களின் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி கட்டுங்கள். என்றோ ஒருநாள் கிரப் (பூட் லோடர்) மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

எல்விஎம் பக்கமும் கதவைச் சாத்த வேண்டும். எல்விஎம்.கான்ஃபில் குளோபல்_ஃபில்டரில் (எல்விஎம் எந்த டிவைஸ்களைப் பார்க்கலாம் என்ற விதிகள்) முதலில் எம்டி டிவைஸ்களை ‘ஏ’ விதியால் ஏற்று, கடைசியில் மற்ற அனைத்தையும் ‘ஆர்’ விதியால் ஒதுக்குங்கள். கடைசி ‘ஆர்’ இல்லையென்றால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை, எதிலும் பொருந்தாதவை ஏற்கப்படும். ஒரு டிவைஸுக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்று ‘ஏ’ விதியில் பொருந்தினாலே போதும், டிவைஸ் உள்ளே வந்துவிடும், ஆகவே பொதுப்படையான பேட்டர்ன் வேண்டாம். ரெய்டில் இல்லாத தனி டிஸ்க்கில் வேறு விஜி இருந்தால் அதையும் பெயர் சொல்லி ஏற்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த பூட்டில் அதன் மவுண்டுக்காகச் சிஸ்டம்டி 90 வினாடி காத்துவிட்டு மீண்டும் எமர்ஜென்சிக்குப் போகும். எம்டி_காம்பொனென்ட்_செக்ஸ் என்ற அமைப்பு உங்கள் பதிப்பில் இருந்தால் ‘ஃபுல்’ என்று வையுங்கள். ரெட் ஹேட் 9 இயல்பில் டிவைசஸ் ஃபைல் முறையைப் பயன்படுத்துகிறது. அங்கே ‘எல்விஎம்டிவைசஸ்’ காட்டும் பட்டியலில் எஸ்டிஏ2 நுழைந்திருந்தால் ‘--டெல்டெவ்’ கொடுத்து நீக்கி, எம்டி0வை ‘--ஆட்டெவ்’ செய்யுங்கள்.

இந்த மாற்றம் எதைச் செய்தாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டியாக வேண்டும். அதனுள் எல்விஎம்.கான்ஃபின் தனிப் பிரதி ஒன்று இருக்கிறது. வெளியே திருத்தியது அதற்குத் தெரியாது. இரண்டு பட்டியல்கள் வேறுபடுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ அல்லது ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ கொடுத்து உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

1.0 அரேயை அப்படியே 1.2 ஆக்க எம்டிஆடமில் வழியில்லை (0.90ஐ 1.0 ஆக்கலாம், அதற்கு மேல் இல்லை). புதிய டிஸ்க்கில் 1.2 அரே ஒன்றை ஓர் உறுப்பு ‘மிஸ்ஸிங்’ என்று போட்டு உருவாக்கி, விஜிஎக்ஸ்டெண்ட் (புதியதை விஜியில் சேர்க்க), பிவிமூவ் (டேட்டாவை நகர்த்த), விஜிரெட்யூஸ் (பழையதை விலக்க) என்று நகர்த்துவது நடைமுறை. 1.2வில் டேட்டா தொடங்கும் இடம் 128 எம்பி வரை தள்ளிப் போகும். விஜி முழுக்க நிரம்பியிருந்தால் அதே அளவு டிஸ்க்கில் கடைசிச் சில எக்ஸ்டெண்ட்களுக்கு (எல்விஎம் இடம் ஒதுக்கும் அலகுகள்) இடம் போதாது. கிரப் 2 இந்த வகையைப் படிக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷனை மிரர் செய்தால் மட்டும் 1.0 போலச் சூப்பர்பிளாக் கடைசியில் இருக்கும் வகை அவசியம், ஃபர்ம்வேருக்கு ரெய்டு தெரியாது.

பல பாதைகளில் (மல்டிபாத்) இணைத்த சேன் லன்னிலும் (நெட்வொர்க் வழி வரும் ஸ்டோரேஜ் டிஸ்க்) இதே முகம் தெரியும்: இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மல்டிபாத் இல்லாமல், எல்விஎம் ஒற்றைப் பாதையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே டிஸ்க் ஒன்றே என்பதால் டேட்டா பிரியாது. ஆனால் அந்தப் பாதை அறுந்தால் எல்வியும் அறும். ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட்டை அதே மெஷினில் மாட்டியதால் வந்த டூப்ளிகேட் என்றால் ‘விஜிஇம்போர்ட்குளோன்’ புது யூயூஐடி கொடுத்துவிடும். ரெய்டு உறுப்பின் மேல் அதை ஓட்டாதீர்கள்.

இதைவிட மோசமான இரட்டை எழுச்சி ஒன்று உண்டு. கேவிஎம் ஹோஸ்டில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மெஷின்) முழு டிஸ்க் ஒன்றை உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு (கெஸ்ட்) கொடுத்திருப்பார்கள். கெஸ்ட் அதன்மேல் விஜி வைத்திருக்கும். ஹோஸ்ட் பூட் ஆகும்போது அதே விஜியைத் தானும் எழுப்பும். ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்க எல்விஎம் போடும் பூட்டுகள் (லாக்கிங்) /ரன்/லாக்/எல்விஎம் கீழ் உள்ள சாதாரண ஃபைல் பூட்டுகள்தான், ஒரு கெர்னலுக்குள் மட்டுமே செல்லும். சாதாரண லீனியர் எல்வியை ஹோஸ்ட் மவுண்ட் செய்யாதவரை தப்பலாம். தின் பூல் (எழுத எழுத இடம் ஒதுக்கும் பொதுத் தொகுப்பு) இருந்தால் அப்படியில்லை: இரண்டு கெர்னல்களும் பூலின் மெட்டாடேட்டாவைத் தத்தம் மெமரியில் வைத்துக்கொண்டு எழுதினால் அது உடையும். தீர்வு, ஹோஸ்டின் குளோபல்_ஃபில்டரில் அந்த டிஸ்க்கை ஒதுக்குவது; கூடவே கெஸ்ட்டில் சிஸ்டம்_ஐடி_சோர்ஸை ‘மெஷின்ஐடி’ ஆக்கி, ‘விஜிசேஞ்ச் --சிஸ்டம்ஐடி’ மூலம் விஜிக்கு அந்த ஐடியைப் பதிப்பது. அதன்பின் மற்ற மெஷின்களின் எல்விஎம் அதை அந்நிய விஜி என்று தொடாமல் விடும் (ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்த கெஸ்ட்டுகளில் மெஷின்ஐடி ஒன்றாகவே இருக்கலாம், அதை முதலில் பாருங்கள்). சிஸ்டம் ஐடி எல்விஎம் கட்டளைகளைத்தான் தடுக்கும், ஏற்கெனவே ஹோஸ்டில் எழுந்து கிடப்பதை இறக்காது. ஆகவே கெஸ்ட்டை அணைத்துவிட்டு ஹோஸ்டில் அந்த விஜிக்கு ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’ கொடுத்து, ‘டிஎம்செட்டப் எல்எஸ்’ பட்டியலில் அதன் பெயரில் ஒரு வரிகூட இல்லை என்று பார்த்த பிறகே கெஸ்ட்டை மறுபடி எழுப்புங்கள்.